எல்லையோர ஆறுகளுக்கு யார் திட்டமிடுவது?

(நகரியில் நடைபெற்ற எல்லையோர ஊழியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மழை பொய்க்காத ஆண்டுகளில் கார்த்திகை மாதம் நாம் தவறாமல் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பிச்சாட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்படும். ஆரணியாற்று வெள்ளம் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு இறங்கும். அதே நாட்களில் கிருஷ்ணாபுரம் அணையும் நிரம்பி வழிய, கொசஸ்தலை பெருகிப் பள்ளிப்பட்டு வட்டாரத்தின் தரைப்பாலங்கள் மூழ்கும். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடப்படும். தொலைக்காட்சிகள் இரண்டு நாள் அதைக் காட்டும். அடுத்த சித்திரையில் அதே ஆற்று மணலில் ஆடு மேயும். ஆற்றங்கரை ஊரிலேயே குடிநீருக்கு லாரி வர வேண்டியிருக்கும். ஐந்து மாத இடைவெளியில் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே ஆறு, ஒரே மக்களுக்குத் தருகிறது.

இதற்கு முன் நாம் கூடியபோது ஒரு தோழர் எழுப்பிய கேள்விக்கு என்னால் நிறைவான பதில் தர இயலவில்லை. அவர் கேட்டது இதுதான்: “கொசஸ்தலையின் மேற்பகுதியில் அணை கட்டினால் கார்வேட்டிநகரத்து விவசாயி மகிழ்கிறார், திருவள்ளூர் மாவட்ட விவசாயி கலங்குகிறார். இருவரும் நம் சங்கத்தில் இருக்கக்கூடியவர்கள். நாம் எந்தப் பக்கம் பேசுவது?” இன்றைய உரை அந்தக் கேள்விக்கான பதில் முயற்சி.

முதலில் எல்லையைப் பற்றி. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாக்கப்பட்டது. அன்று வட ஆற்காடும் செங்கல்பட்டும் சித்தூரும் ஒரே சென்னை மாகாணத்திற்குள் இருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகு, படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றன. மொழிவழி மாநிலம் என்பது உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற ஜனநாயக உரிமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எல்லை கிராமங்களின் மொழியை எண்ணி வரையப்பட்டது. நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பார்த்து வரையப்படவில்லை. ஆரணியாற்றின் தலை ஒரு மாநிலத்திலும் வால் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. கொசஸ்தலையின் நிலையும் அதுவே. அதன் வடிநிலப் பரப்பான 3,727 சதுர கிலோமீட்டரில் 877 சதுர கிலோமீட்டர் ஆந்திரத்தில் உள்ளது. எஞ்சிய பெரும்பகுதி தமிழ்நாட்டில். 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களை மீண்டும் பிரித்தபோது நகரி சித்தூரிலும், பிச்சாட்டூரும் சத்தியவேடும் புதிய திருப்பதி மாவட்டத்திலும் அமைந்தன. இப்போது இந்த ஆறுகளைப் பற்றிப் பேச ஓர் அதிகாரியைத் தேடினால் நான்கு அலுவலகங்களின் படியேற வேண்டும்.

ஏரியும் நீருகட்டியும்

நம் பகுதி மழையற்ற பகுதி அன்று. பழைய சித்தூர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். தென்மேற்கும் வடகிழக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கொடுக்கின்றன. இராயலசீமையின் மற்ற மாவட்டங்களை, குறிப்பாக அனந்தபுரத்தை, நினைத்துப் பார்த்தால் இது வசதியான கணக்கே. சிக்கல், இந்த மழை சில நாட்களில் கொட்டித் தீர்வதும், பாறைநிலம் அதைத் தாங்கி வைக்க இயலாததும்தான். இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெரிய ஆறு இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேலேரியின் கலங்கல் வழிந்தால் கீழேரிக்கு நீர். ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, வெள்ளம் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் நீரை வயலுக்கு இழுத்தார்கள். திருப்பதிக்கு அருகே உள்ள ராயலசெருவு விஜயநகர ஆட்சிக் காலத்தது. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக நிற்கிறது.

இதைச் சொன்னவுடன் பழைய பொற்காலத்தைப் பாடத் தொடங்கிவிடக் கூடாது. ஏரியின் மதகைத் திறந்து மூடி, கடைமடை வரை நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவர் நீருகட்டி. பல ஊர்களில் அவர் தலித். ஊருக்கெல்லாம் நீரை அளந்து கொடுத்த அவருக்குப் பாசன நிலம் இல்லை. களத்தில் அளந்து போட்ட தானியமே கூலி. குடிமராமத்து என்று இன்று பெருமையுடன் பேசப்படும் முறையில், கரையில் மண் சுமந்தவர் யார், கரையின் பயனை அறுவடை செய்தவர் யார் என்ற கேள்வி உண்டு. ஏரிக்கரை உடையும்போது ஊராரைக் கட்டாய வேலைக்கு இழுக்க 1858இல் கம்பெனி அரசு சட்டமே இயற்றியது. ஆகவே நாம் ஏரியை மீட்போம் என்று சொல்லும்போது, அந்தப் பழைய உறவையும் சேர்த்து மீட்பது நம் நோக்கமன்று.

1997இல் ஆந்திரத்தில் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. உலக வங்கியின் ஆலோசனைகள் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. விவசாயிகளிடம் பாசன நிர்வாகத்தை ஒப்படைப்பது என்ற கருத்தில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் சங்கத்தில் வாக்கு யாருக்கு? நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. வாய்மொழிக் குத்தகையில் உழுபவர், கூலிக்கு நாற்று நடும் பெண், ஏரியில் மீன் பிடிப்பவர், ஏரி நீரை நம்பி மாடு வளர்ப்பவர் ஆகியோருக்கு அங்கே குரல் இல்லை. சங்கத் தலைவர் பதவி வேலை ஒப்பந்தங்களுக்கு வாயிற்கதவாக மாறிய ஊர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீரு-மீரு, ஜலயக்ஞம், நீரு-செட்டு என்று ஒவ்வோர் ஆட்சியும் ஒரு பெயர் சூட்டியது. பெயர் மாறியதே தவிர, எந்த ஏரியை முதலில் தூர்வாருவது என்பதை அந்த ஏரியின் ஊர் முடிவு செய்யவில்லை.

மணலுக்குள் இருக்கும் அணை

ஸ்வர்ணமுகியை எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் பொன்முகலி. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தொடங்கி, திருப்பதியை ஒட்டி ஓடி, காளஹஸ்தியைக் கடந்து, நாயுடுபேட்டை வழியாக வாகாடு அருகே கடலை அடைகிறது. நீளம் சுமார் 130 கிலோமீட்டர். கிருஷ்ணா, கோதாவரி போல வேறு மாநிலங்களிலிருந்து நீர் கொண்டுவராத ஆறு. இங்கே பெய்வதுதான் இங்கே ஓடும். ஆண்டின் பெரும்பகுதி அதன் மேற்பரப்பு வறண்டிருக்கிறது. அதனால்தான் பலர் அதை ஆறாகவே மதிப்பதில்லை; மணல் கிடங்காக மதிக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100 மீட்டர் அகலமுள்ள ஆற்றுப்படுகை. ஒரு கிலோமீட்டர் நீளம். மூன்று மீட்டர் ஆழத்துக்கு மணல். மொத்தம் மூன்று லட்சம் கன மீட்டர். நல்ல ஆற்று மணல் தன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைக் கிணற்றுக்கு விட்டுக் கொடுக்கும். அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஆறு கோடி லிட்டர் நீர் இருக்கிறது. இதற்குச் சிமெண்ட் வேண்டாம். நிலம் கையகப்படுத்த வேண்டாம். வெயிலில் ஆவியாவதும் குறைவு. பத்து கன மீட்டர் மணலை ஒரு லாரியில் ஏற்றும்போது இரண்டாயிரம் லிட்டர் தேக்கும் இடத்தையும் சேர்த்து ஏற்றுகிறோம். ஒரு முறை மட்டுமன்று. இனி வரும் ஒவ்வொரு மழைக்கும் அந்த இடம் இல்லை. கரையோரக் கிணறு வற்றி, விவசாயி ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கும்போது, அந்தக் கடனில் ஒரு பகுதி உண்மையில் மணல் ஒப்பந்ததாரரின் லாபக் கணக்கில் முன்பே வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

மணல் எடுப்பவர் தெலுங்கு பேசுகிறாரா, தமிழ் பேசுகிறாரா என்பதில் ஆற்றுக்கு வேறுபாடு இல்லை. சத்தியவேட்டுப் பக்கம் அள்ளிய மணல் எந்த நகரத்தின் கட்டடங்களுக்குப் போயிற்று என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது திருப்பதி நகரம். நாள்தோறும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து செல்லும் ஊர். 1970களில் கட்டப்பட்ட கல்யாணி அணையும், பின்னர் தெலுங்கு கங்கைக் கால்வாயிலிருந்து காளஹஸ்தி வழியாக வரும் நீரும் அதன் தாகத்தைத் தீர்க்கின்றன. பக்தருக்கும் நகரத் தொழிலாளிக்கும் குடிநீர் வேண்டும். அதில் நமக்கு வாதமில்லை. நகரம் எடுத்துக்கொண்ட நீருக்கு ஈடாக ஆற்றுக்கு எதைத் திருப்பித் தருகிறது என்பதே கேள்வி. தருவது கழிவுநீர். அதை முறையாகச் சுத்திகரித்துக் கீழ்ப்பகுதி வயல்களுக்கு உரிமையாக எழுதிக் கொடுத்தால், கடலுக்கு ஓடாத, பருவமழையை நம்பாத ஒரு நீர் ஆதாரம் கிடைக்கும். அது திட்ட அறிக்கைகளில் ஒரு பத்தியாக இருக்கிறது; பாசனக் கணக்கில் இன்னும் இடம்பெறவில்லை.

2021 நவம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் ஆறாக ஓடியது. ஸ்வர்ணமுகி பாலங்களையும் சாலைகளையும் அரித்தது. ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள ஊர்களை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். மணல் மூட்டைகளால் கரையைக் காப்பாற்ற முடிந்தது. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கிலிருந்து வரும் பாகுதாவும் பிஞ்சாவும் சேர்ந்து ஓடும் செய்யேற்றில் அது நடக்கவில்லை. நவம்பர் 19 அதிகாலை அண்ணமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டு, கடப்பை மாவட்டத்தின் ராஜம்பேட்டைப் பக்கத்து ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மாண்டனர். ஐந்து மதகுகளுள் ஒன்று இயங்கவில்லை என்ற செய்தி பின்னர் மாநிலங்களவை வரை சென்றது. புதிய அணைக்கு அடிக்கல் நாட்டும் கைகளுக்குப் பழைய மதகுக்கு எண்ணெய் இட நேரம் கிடைப்பதில்லை. பராமரிப்புக்குக் கல்வெட்டு வைக்க முடியாதல்லவா!

தொலைவிலிருந்து வரும் நீர்

2024 பிப்ரவரியில் ஒரு முதலமைச்சர் குப்பம் தொகுதிக்கு வந்து கிருஷ்ணா நீரைத் திறந்து வைத்தார். 2025 ஆகஸ்டில் மற்றொரு முதலமைச்சர் அதே குப்பத்துக்கு வந்து கிருஷ்ணா நீருக்கு ஆரத்தி எடுத்தார். ஒரே நீர் இரண்டு முறை வந்து சேர்ந்த அதிசயத்தைப் பற்றி அங்குள்ள விவசாயிகள் சொல்லும் கேலிகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.

ஹந்திரி-நீவா வேண்டாம் என்று நாம் சொன்னதில்லை. இராயலசீமைக்குக் கிருஷ்ணா நீர் வேண்டும் என்பதற்காகப் போராடியவர்களுள் இடதுசாரிகளும் உண்டு. ஆயினும் மூன்று உண்மைகளை உறுப்பினர்களிடம் மறைக்கக் கூடாது. ஹந்திரி-நீவாவும் காலேரு-நகரியும் ஸ்ரீசைலத்தில் மிகுந்து வரும் வெள்ளத்தை நம்பிய திட்டங்கள். மேலே கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் மழை குறைந்தால் மிகை இல்லை. அடுத்து, ஹந்திரி-நீவாவில் நீர் தானாக ஓடி வருவதில்லை; கட்டம் கட்டமாக மேலேற்றப்படுகிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்சாரச் செலவு உண்டு. மூன்றாவது, பெயரிலேயே நகரியைத் தாங்கிய காலேரு-நகரி நம் நகரியை எட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. திட்டம் வரும் வரும் என்று காத்திருந்த காலத்தில், வரத்துக்கால்களின் மீது மனைப்பிரிவுகள் எழுந்தன. நாளை கால்வாய் வந்தாலும் அது நிரப்ப வேண்டியது இதே ஏரிகளைத்தான். ஏரியில் கொள்ளளவு இல்லாவிட்டால் ஸ்ரீசைலத்து நீர் எங்கே நிற்கும்?

தெலுங்கு கங்கையை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து ஐந்து டி.எம்.சி. வீதம் சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன. 1983இல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒப்பந்தம். 1996இல் முதல் நீர் எல்லையைத் தொட்டது. கண்டலேற்றிலிருந்து பூண்டிக்குச் செல்லும் அந்தக் கால்வாய் இன்றைய திருப்பதி மாவட்டத்தின் வழியாகவே போகிறது. ஒப்புக்கொண்ட அளவு பல ஆண்டுகளில் வந்து சேர்ந்ததில்லை. கால்வாய்க் கரையில் வாழும் ஆந்திர விவசாயி, கண்முன் ஓடும் நீரில் தனக்கும் பங்கு கேட்கிறார். இரு தரப்பின் குறையும் உண்மையானது. ஆனாலும் நான்கு மாநிலங்கள் ஒரு குடிநீர்த் தேவைக்காகக் கூடிப் பேசி விட்டுக்கொடுக்க முடிந்தது என்பதும் உண்மை.

மேல்பக்கம், கீழ்ப்பக்கம்

இனி தோழரின் கேள்விக்கு வருகிறேன். கார்வேட்டிநகரம் மண்டலத்தில் கதிரப்பள்ளியிலும் நகரி மண்டலத்தில் முக்கலகண்டிகையிலும் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஆந்திர முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டிக்குக் கடிதம் எழுதினார். பூண்டிக்கு வரும் நீர் குறையும், சென்னைக் குடிநீரும் பாசனமும் பாதிக்கப்படும் என்பது அதன் சாரம். பாலாற்றில் இதைவிடப் பழைய வழக்கு. 348 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு ஆந்திரத்தில் ஓடுவது 33 கிலோமீட்டர் மட்டுமே. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள். 2006இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 பிப்ரவரியில் குப்பம் பகுதியில் 215 கோடி ரூபாயில் புதிய நீர்த்தேக்கம் என்ற அறிவிப்பு வந்தது. உடனே தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் மேற்கோள் காட்டப்படுகிறது. அது சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஏற்பட்டது. அன்று குப்பம் சென்னை மாகாணத்தில் இருந்தது. வழக்கறிஞர்கள் இதை இன்னும் நெடுநாள் வாதிடலாம்.

கீழ்ப்பக்கத்து விவசாயியின் அச்சம் நியாயமானது. ஓர் ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவர், கீழுள்ளவரைக் கேளாமல் நீரை அடைக்க உரிமை இல்லை. இதில் நாம் தயங்கக் கூடாது. ஆந்திர எல்லைக்குள் நின்றுகொண்டே இதைச் சொல்ல வேண்டும். அதே உறுதியுடன் மறுபுறமும் சொல்ல வேண்டியது உண்டு. பாலாற்றின் தமிழகப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தக் கழிவு குப்பத்திலிருந்து வரவில்லை. ஆரணியாறு, கொசஸ்தலை வடிநிலத்தின் கடைசியில் மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதற்கும் பிச்சாட்டூர் அணை காரணமன்று. தன் ஊரின் தோல் ஆலை முதலாளியையும் மணல் ஒப்பந்ததாரரையும் பெயர் சொல்லத் துணியாதவர்களுக்கு அண்டை மாநிலம் வசதியான எதிரியாகிறது. இரண்டு தலைநகரங்களிலும் இந்த வசதி பயன்படுகிறது.

மாங்காயிலும் இதையே பார்த்தோம். 2025 ஜூனில் தோத்தாபுரி விலை வீழ்ந்தபோது, வெளிமாநில மாங்காய் சித்தூர் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று ஆணை பிறந்தது. கூழ் ஆலைகள் கொடுக்கும் விலையைக் கேள்வி கேட்பதைவிடச் சோதனைச் சாவடியில் கர்நாடக விவசாயியின் வண்டியை நிறுத்துவது எளிது. நீரிலும் அதே அரசியல்தான்.

ஆகவே என் பதில்: எந்தப் புதிய தேக்கமும், மேலே எவ்வளவு நீர் எந்த மாதத்தில் தேங்குகிறது, கீழே எவ்வளவு விடப்படும் என்ற கணக்கு இரு பக்க மக்களுக்கும் முன்னால் வைக்கப்பட்ட பிறகே பேசப்பட வேண்டும். மேலுள்ள ஊர்களின் குடிநீர் முதல். கீழுள்ள ஊர்களின் குடிநீரும் அதற்கு இணையாக முதல். மாநிலங்களுக்கிடையிலான ஆறுகளுக்கு வாரியம் அமைக்க 1956இல் நாடாளுமன்றம் நதி வாரியங்கள் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையும் சிறிய ஆறுகள். சிறியவையாக இருப்பதாலேயே அவற்றில் தொடங்குவது எளிது. கூட்டு வாரியம் கோருவோம். அதில் அதிகாரிகள் மட்டுமல்லாமல் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் இடம்பெற வேண்டும் என்று கோருவோம். ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காடு ஏரியும் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. நன்னீர் வரத்துக் குறைந்தால் அங்கே இறால் குறையும். அந்த ஏரியின் மீனவர்களை நீர்ப் பங்கீட்டுப் பேச்சுக்கு இதுவரை யாரும் அழைத்ததில்லை.

அளப்பது நம் வேலை

வாரியம் வரும்வரை காத்திருப்பதா? காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2003 முதல் சில ஆண்டுகள், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு, சித்தூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான கிராமங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை அளந்தார்கள். மழைமானியை ஊரில் வைத்துத் தினமும் குறித்தார்கள். குறிப்பிட்ட கிணறுகளின் நீர்மட்டத்தை நாடாவால் அளந்தார்கள். பின்பருவ விதைப்புக்கு முன் ஓடை வடிநிலம் முழுவதற்கும் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, போட நினைக்கும் பயிருக்கு வேண்டியது எவ்வளவு என்று பலகையில் எழுதினார்கள். யாரையும் நெல் போடாதே என்று தடுக்கவில்லை. பற்றாக்குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபோது பலர் தாமே நெல்லைக் குறைத்தார்கள்.

கணக்கு கடினமானதன்று. பத்து சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 2,470 ஏக்கர் பரப்புள்ள ஓர் ஓடை வடிநிலத்தை எடுத்துக்கொள்வோம். 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 900 கோடி லிட்டர். பாறைநிலத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும் என்று வைத்துக்கொண்டால் 90 கோடி லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். நிலக்கடலைக்கு ஏறத்தாழ 20 லட்சம். கிணற்று நீர் முழுவதையும் நெல்லுக்கே இறைத்தால் 187 ஏக்கர். கடலைக்கு இறைத்தால் 450 ஏக்கர். குடிநீரும் கால்நடையும் இதில் முதலில் கழிய வேண்டும். ஊருக்கு ஊர் இந்த எண்கள் மாறும். ஆனால் இப்படி ஒரு பலகை ஊர்ச் சாவடியில் தொங்கும்போது, 1,000 அடி துளையிடும் வசதி படைத்தவர் தன் பங்குக்கு மேல் எவ்வளவு எடுக்கிறார் என்பதும் வெளிச்சத்துக்கு வரும். பெரிய விவசாயிகள் அளவீட்டை விரும்பாததற்கு அதுவே காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். பாசன மோட்டார்களுக்கு மீட்டர் பொருத்தும் முயற்சியை நாம் எதிர்த்தோம். மாநிலங்கள் கூடுதல் கடன் பெறுவதற்கு மின்துறைச் சீர்திருத்தத்தை ஒன்றிய அரசு நிபந்தனையாக்கியதன் தொடர்ச்சி அது. நீர்மட்டம் கீழே போகப் போக ஒரே அளவு நீருக்கு அதிக மின்சாரம் வேண்டும். எனவே விலை வைத்தால் முதலில் விழுபவர் வறண்ட கிணற்றுச் சிறு விவசாயி. விலை வைப்பதற்காக அளப்பது வேறு. பங்கிடுவதற்காக ஊரே அளப்பது வேறு. முன்னதை எதிர்த்ததால் பின்னதையும் கைவிட்டுவிட்டோம் என்பது நம் குறை. நானும் அதில் ஒருவன்.

2002ஆம் ஆண்டு ஆந்திர நீர், நிலம், மரங்கள் சட்டம் மண்டலம் வரை ஆணையம் அமைக்க வழி செய்கிறது. ஆழ்துளைக் கிணறு, மணல், ஏரி ஆக்கிரமிப்பு மூன்றும் அதன் வரம்புக்குள் வருகின்றன. மண்டல ஆணையம் கடைசியாக எப்போது கூடியது என்று ஒவ்வொரு கிளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கட்டும். ஏரியின் வரத்துக்காலை வருவாய்த்துறை வரைபடத்தோடு நடந்து சரிபார்க்கட்டும். அந்த நடையில் விவசாயத் தொழிலாளர் சங்கமும், நீருகட்டிக் குடும்பங்களில் இன்னும் மதகின் நுணுக்கம் தெரிந்த முதியவர்களும் முன்னால் நடக்க வேண்டும். நிலம் இல்லாதவருக்கும் ஏரி நிர்வாகத்தில் வாக்கு வேண்டும் என்ற கோரிக்கையை அந்த இடத்திலேயே எழுப்ப வேண்டும். சில நில உடைமையாளர்கள் அன்றே நம்மை விட்டு விலகக்கூடும். அதை எதிர்பார்த்தே தொடங்குவோம்.

ஆரணியாற்றில் முதல் அளவீட்டை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தவுடன் எடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். பிச்சாட்டூர் அணைக்குக் கீழே இந்தப் பக்கம் பத்துக் கிணறுகள். ஊத்துக்கோட்டைக்குக் கீழே அந்தப் பக்கம் பத்துக் கிணறுகள். வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு நோட்டு, கிணற்றுக்கு ஒரு பொறுப்பாளர். ஒரே நாளில், காலை மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். நோட்டு இரு மொழியிலும் இருக்கட்டும். எந்தக் கிணறுகள் என்பதைக் கிளைகள் இந்த மாத இறுதிக்குள் எழுதித் தர வேண்டும். ஊத்துக்கோட்டைத் தோழர்களிடம் நான் பேசிவிட்டேன், அவர்கள் தங்கள் பட்டியலுடன் காத்திருக்கிறார்கள்.